ஆயுத பூஜைக்குப் பிறகு ஏறிய கரண்ட்

பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தை சொல்லும் பழக்கம் பணியில் இருந்தபோதே எனக்குக் கிடையாது. ஓய்வு பெற்ற பிறகு மட்டும் எங்கிருந்து வரும்? அளவீட்டு அறையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஆசையாகச் செய்துகொண்டு வந்த சோலார் செல்களைச் சூரியனுக்குப் பதிலாக எரியும் விளக்கடியில் வைத்து, "இது தேறாது" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். பிரிவின் தலைமை என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தது. பின்னால் என்னை எமன் என்று கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

நம் செல்களில் பூசும் பெரோவ்ஸ்கைட் என்ற பொருள் என்ன, அதை எப்படிப் பூசுவது, எந்த விளக்கை எப்போது போடுவது என்பதெல்லாம் உங்களுக்கு வேறு யாராவது சொல்லித் தருவார்கள். இல்லையென்றால் கருவியோடு வந்த புத்தகத்தைப் படியுங்கள், பாவம், அதை யாருமே திறப்பதில்லை. நான் சொல்லப்போவது ஒரே ஒரு சங்கதி. எண் நன்றாக வந்துவிட்ட நாளில் மனுஷன் எவ்வளவு மடையனாகிறான் என்பது பற்றி.

முதலில் நம் பொருளின் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். சிலிக்கான் மாதிரி கல்லுளிமங்கன் இல்லை இது. நமத்துப்போகும் அப்பளத்தின் ஜாதி. காற்றில் ஈரம் ஏறினால் கறுப்பாக இருக்க வேண்டிய படலம் மஞ்சளடிக்கும், கரண்ட் இறங்கும், செய்தவர்கள் முகமும் இறங்கும். தாம்பரத்துக்கும் கேளம்பாக்கத்துக்கும் நடுவில், மழை வந்தால் ஏரி எது ரோடு எது என்று தெரியாத இடத்தில் லேப் கட்டிக்கொண்டு இந்தப் பொருளை ஆராய்ச்சி செய்வது யாருடைய யோசனை என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். பதில் வந்ததில்லை.

பிரமிளா எங்களிடம் பி.எச்.டி. செய்துகொண்டிருந்தாள். சேலையூர்ப் பெண். அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்ப்பவர். படலத்தோடு ஒரு உப்பைக் கொஞ்சமாகக் கலந்தால் செல்லின் திறன் கூடும் என்பது அவளுடைய ஆய்வின் அடிப்படை. கூடவில்லை என்பது அவளுடைய பிரச்சினை. பதினேழு சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது. உப்பு போட்டாலும் பதினேழு, போடாவிட்டாலும் பதினேழு. அவளுக்கான உதவித்தொகை முடியும் தறுவாயில் இருந்தது. வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்து, இந்தப் பிரிவு தொடரலாமா, இவளுக்கு இன்னும் அவகாசம் தரலாமா என்று முடிவு சொல்வதாக இருந்தது. அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் இத்தனை வருஷ உழைப்பும் பட்டமில்லாமல் பாதியில் நின்றுவிடும். இதுதான் நிலைமை.

இந்த நேரத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் டைரக்டர் பெரிய படிப்பாளி, நல்ல மனிதர், முன்கோபி. வருஷத்தில் ஒருநாள் வேட்டி கட்டிக்கொண்டு வருவார். அன்றைக்கு லேபில் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் தன் கையாலேயே சந்தனம் குங்குமம் வைப்பார். வேறு யாரையும் வைக்க விடமாட்டார். வேக்வம் பம்பு முதல் காகிதத்தில் ஓட்டை போடும் மெஷின் வரை ஒன்றும் தப்பாது. நான் அந்த வாரம் தங்கை வீட்டுக்குப் பொள்ளாச்சி போயிருந்தேன். ஆகவே பூஜையைப் பார்க்கவில்லை. பொரி கடலை மட்டும் என் மேஜை மேல் பத்திரமாக இருந்தது, எறும்போடு.

திரும்பி வந்த அன்றைக்குக் காலையில் வாசலிலேயே பிரமிளா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"மேடம், பத்தொன்பது வந்திருக்கு. ஒண்ணு இல்ல, வரிசையா வந்திருக்கு. உப்பு வேலை செய்யுது மேடம்."

எனக்கும் சந்தோஷம்தான். நானும் மனுஷிதானே. "மாஸ்க் போட்டியா?" என்று கேட்டேன். செல்லின் மேல் சின்ன ஓட்டையுள்ள தகடு ஒன்றை வைத்துத்தான் அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்றுப்புற வெளிச்சமும் திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்து எண்ணை ஏற்றிவிடும். போட்டிருந்தாள். வோல்டேஜை மேலிருந்து கீழே இறக்கியும், கீழிருந்து மேலே ஏற்றியும் இரண்டு விதமாக அளந்தாளா என்று கேட்டேன். நம் பொருளுக்கு வந்த வழி நினைவிருக்கும். ஒரு பக்கம் போனால் ஒரு எண், மறுபக்கம் வந்தால் இன்னொரு எண் என்று குடும்பச் சண்டை மாதிரி பேசும். பல பேர் நல்ல பக்கத்தை மட்டும் எழுதிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்கள். பிரமிளா இரண்டையும் எழுதியிருந்தாள். குற்றம் சொல்ல இடமே இல்லை. நான் பயிற்சி கொடுத்த பெண்ணாயிற்றே.

அதற்குள் டைரக்டர் ஊரைக் கூட்டிவிட்டார். குழு வரும் அன்றைக்கு மதியம் விருந்து, மாலையில் பத்திரிகைக்காரர்கள். குழுவுக்குக் கொடுக்கும் முடிவுத்தாளில் அளவீட்டுப் பிரிவின் சார்பில் என் கையெழுத்து வேண்டும். "வந்துட்டீங்களா, போட்டுக் குடுங்க" என்றார்.

போட்டுக் கொடுத்திருப்பேன். கெடுத்தவன் கார்த்திக்.

கார்த்திக் என்பவன் பிரமிளாவுக்கு அடுத்த வரிசையில் வேலை செய்த பையன். நல்ல பிள்ளை. கிரிக்கெட் நன்றாக ஆடுவான். செல் செய்ய மட்டும் வராது. அவன் கைபட்ட படலம் எல்லாம் ரசம் போன கண்ணாடி மாதிரி இருக்கும். அவன் வந்து, "மேடம், எனக்கும் நல்லா வருது. இந்தத் தடவ ரொம்பக் கவனமா பண்ணேன்" என்றான். அங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. பிரமிளாவுக்கு வந்தால் அது ஆராய்ச்சி. கார்த்திக்குக்கும் வந்தால் எங்கேயோ கோளாறு.

மெல்ல விசாரித்தேன். எல்லாருக்குமே கூடியிருந்தது. உப்பு போட்டவருக்கும் கூடியிருந்தது, உப்புக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாதவருக்கும் கூடியிருந்தது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. வழக்கமாக அந்த மாதத்தில் எங்கள் செல்கள் துக்க வீட்டில் இருப்பது மாதிரி இருக்கும். இந்த வருஷம் மட்டும் கல்யாண வீடு. இன்னொன்றும் இருந்தது. ஏறியது கரண்ட் மட்டும்தான். வோல்டேஜ் இருந்த இடத்திலேயே இருந்தது. பொருள் உண்மையிலேயே நன்றாகிவிட்டால் அதுவும் கொஞ்சமாவது அசைந்திருக்கும். கரண்ட் மட்டும் தனியாக, அதுவும் எல்லாருக்கும் ஒரே அளவில் கூடுகிறது என்றால் செல் மாறவில்லை, மேலே விழும் வெளிச்சம் கூடியிருக்கிறது என்றுதான் தோன்றும்.

டைரக்டரிடம் போய், ஒரு நாள் அவகாசம் வேண்டும் என்றேன். மறுநாள் விட்டு அடுத்த நாள் குழு வருகிறது.

"உங்களுக்கு சந்தோஷப்படவே தெரியாதா மேடம்? இத்தனை வருஷம் வரலன்னு அழுதோம். இப்ப வந்துடுச்சேன்னு அழறீங்க."

"கார்த்திக்குக்கும் வந்திருக்கு சார்."

கார்த்திக்கை அவருக்கும் தெரியும். "சரி, சாயங்காலத்துக்குள்ள முடிங்க" என்றார்.

என்னிடம் ஒரு பழைய சிலிக்கான் செல் இருந்தது. எதற்கும் அசையாதது. மழையா, வெயிலா, டைரக்டர் மாற்றமா, அதற்குக் கவலையே இல்லை. எப்போது அளந்தாலும் ஒரே எண்தான் சொல்லும். சந்தேகம் வந்தால் அதைத்தான் முதலில் வைப்பேன். வைத்தேன். அதுவும் கூட்டிச் சொன்னது. அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த செல்லுக்குக்கூடத் திறமை வந்துவிட்டது என்றால் தப்பு அளக்கும் இடத்தில்தான்.

விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிய வேண்டும் என்று நாங்கள் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை. ரெஃபரன்ஸ் செல் என்று ஒன்று உண்டு. தீப்பெட்டி அளவு உலோகப் பெட்டி, மேலே சின்னக் கண்ணாடி, உள்ளே அளவு சரிபார்த்துச் சான்றிதழோடு வந்த ஒரு செல். தினமும் காலையில் அதை விளக்கடியில் வைத்து, அது சரியான எண்ணைக் காட்டும்வரை விளக்கைக் கூட்டிக் குறைத்து வைப்பார்கள். அது காட்டுவதுதான் சூரியன். அது ஏமாந்தால் எல்லாரும் ஏமாற வேண்டியதுதான். அதனால்தான் அந்தக் காலை வேலை முடிந்ததும் அதை யாரும் தொடாமல் இழுப்பறையில் பூட்டிவிடுவோம். அதை எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்த்தேன்.

கண்ணாடி முழுக்க மங்கலாக ஒரு படலம். ஓரத்தில் மஞ்சள். மூலையில் துளி சிவப்பு.

மோந்து பார்த்தேன். சந்தனம்.

எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. லேபைப் பராமரிக்கும் தேவராஜைக் கூப்பிட்டேன். முடிச்சூர்க்காரர், எங்கள் எல்லாரையும்விட அந்தக் கட்டடத்தில் பழையவர். நான் இல்லாத நாட்களில் இழுப்பறைச் சாவி அவரிடம்தான் இருக்கும்.

"தேவராஜ், இந்தப் பொட்டியில பொட்டு யாரு வெச்சது?"

"சாருதான் மேடம். நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களா, சாரு எல்லாத்துக்கும் வெச்சிகினு வந்தாரு. ட்ராயர் சாவி கேட்டாரு. 'இவன மட்டும் ஏன் உள்ள பூட்டி வெச்சிருக்கீங்க, இவனும் ஆயுதம்தானே'ன்னு சொல்லி நடுவால வெச்சாரு."

"கண்ணாடி மேலயா?"

"பொட்டு நெத்தியிலதான மேடம் வெப்பாங்க. அதுக்கு நெத்தி அதான கீது."

"தொடைக்கலையா நீங்க?"

"தொடச்சேன் மேடம். ஆனா சாரு வெச்ச பொட்டு, சாமி பொட்டு. அத போய் ஸ்பிரிட்டு போட்டு அழுத்தித் தேய்க்க முடியுமா? மேலாப்ல துணியால ஒரு ஒத்து ஒத்தினேன். போய்ட்ச்சினு நெனச்சேன்."

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் ஊரில் எந்த வீட்டில், எந்தப் பட்டறையில் கருவிக்கு வைத்த பொட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறார்கள்? அது தானாக உதிரும்வரை விட்டுவைப்பதுதான் வழக்கம். சரஸ்வதிக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவள் பெயரை இழுக்க வேண்டாம். சந்தனப் படலம் வெளிச்சத்தை மறைத்தது. ரெஃபரன்ஸ் செல் "இன்னும் இருட்டாக இருக்கிறது" என்றது. பிள்ளைகள் விளக்கைக் கூட்டினார்கள். கூடுதல் வெளிச்சத்தில் எல்லாச் செல்லும் கூடுதல் கரண்ட் கொடுத்தது. ஆனால் கணக்கில் போட்டது கூட்டாத வெளிச்சத்தை, பழைய ஒரு சூரியன் அளவைத்தான். அவ்வளவுதான் அற்புதம்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. பிரமிளாவிடம் சொல்ல வேண்டும்.

கண்ணாடியைச் சுத்தமாகத் துடைத்தோம். அவளுடைய பழைய செல், புதிய செல், உப்பு போட்டது, போடாதது எல்லாவற்றையும் ஒரே விளக்கில், ஒரே மதியத்தில் அளந்தோம். அவளே அளந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். பதினேழு. பதினேழு. பதினேழுக்குக் கொஞ்சம் கீழே. உப்பு ஒன்றும் செய்யவில்லை. பூஜைக்கு முன்னால் அளந்த உப்பில்லாத செல்லோடு பூஜைக்குப் பின்னால் அளந்த உப்புள்ள செல்லை ஒப்பிட்டதால்தான் உப்பு ஜெயித்தது மாதிரி தெரிந்தது.

அவள் எல்லா எண்ணையும் நோட்டில் எழுதி முடித்தாள். பிறகு சொன்னாள்: "இன்னும் ரெண்டு நாள் கழிச்சுப் பார்த்திருக்கக் கூடாதா மேடம்?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. எண்ணை வைத்து மனுஷரை எடை போடும் இந்தத் தொழில் மேலேயே வந்தது. அவள் கேட்டதில் தப்பு என்ன? குழு வந்து, பார்த்து, கைதட்டி, அவகாசம் கொடுத்துவிட்டுப் போயிருக்கும். பிறகு நிதானமாகத் திருத்திக்கொண்டிருக்கலாம். அந்தப் பெண் ஒரு பொய்யும் சொல்லவில்லை, ஒரு திருட்டும் செய்யவில்லை. யாரோ வைத்த சந்தனத்துக்கு இவள் ஏன் பலியாக வேண்டும்?

"பார்த்திருக்கலாம். ஆனா இப்ப பார்த்துட்டோம்" என்றேன். ஆறுதலாகச் சொல்ல வேறெதுவும் தெரியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

டைரக்டரிடம் பெட்டியை நீட்டி விஷயத்தைச் சொன்னபோது, அவர் முதலில் நம்பவில்லை.

"பொட்டாலயா?"

"பொட்டாலதான் சார்."

"இத்தனூண்டு பொட்டு."

"கண்ணாடியும் இத்தனூண்டுதான் சார்."

நாற்காலியில் சாய்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு மெதுவான குரலில், குழு போன பிறகு திருத்திக்கொள்ளலாம், எண்ணைத் தாளில் போடாமல் வாயால் மட்டும் சொல்லலாம், விருந்தை ரத்து செய்ய வேண்டாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். கெட்ட எண்ணமில்லை. பிரிவு மூடிவிடுமே என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. நெருக்கடியில் நல்லவர்கள்கூட எவ்வளவு சாமர்த்தியமாகப் பேசுவார்கள் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

"சார், குழுவில வர்றவங்க முட்டாளுங்க இல்ல. அந்தச் செல்ல அவங்க லேபுல கொண்டுபோய் அளப்பாங்க. பதினேழு வரும். அப்ப பொட்டுக் கதையச் சொன்னா யாரு நம்புவா? பிரமிளா ஏமாத்துனான்னுதான் சொல்வாங்க. உங்களச் சொல்ல மாட்டாங்க. என்னையும் சொல்ல மாட்டாங்க. நான் கையெழுத்து போட முடியாது."

"அப்ப நீங்களே போய்ப் பேசுங்க" என்றார் எரிச்சலோடு.

"நான் பேசறேன் சார்" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. பிரமிளா போகவில்லை. பஸ் ஸ்டாப்வரை போய், மழையில் நனைந்து, திரும்பி வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

குழு வந்த அன்றைக்கு அவள் எழுந்து நின்று, திரையில் வந்த முதல் படத்திலேயே பத்தொன்பது என்ற எண்ணைப் போட்டு, அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டுக் காட்டினாள். எப்படி ஏறியது, எப்படிக் கண்டுபிடித்தோம், திரும்ப அளந்தபோது என்ன வந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பொட்டு என்று வந்த இடத்தில் "கண்ணாடியில் அழுக்குப் படிந்திருந்தது" என்று நாகரிகமாகத் தாண்டிப் போனாள். குழுவிலிருந்த பெரியவர் விடவில்லை. "பூட்டி வைத்திருந்த பெட்டிக்கு அழுக்கு எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்.

தேவராஜ் டீ டம்ளர்களோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டார். பிரமிளா தரையைப் பார்த்தாள். அந்தப் பெண்ணுக்கு யாரையும் காட்டிக்கொடுக்கத் தெரியாது. நான் வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் எழுந்தார்.

"நான்தான் சார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வெச்சேன். அவங்களுக்கு இதுல ஒண்ணும் சம்பந்தமில்ல."

பெரியவர் அவரைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "எங்க லேபுல சாம்பிராணிப் புகையே போடறோம்" என்றார். அதன் பிறகு மற்றவர்களும் சிரித்தார்கள். டைரக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் காது சிவந்திருந்தது. அவர் மேல் எனக்கு இருந்த மனக்கசப்பு எல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் போய்விட்டது என்று எழுதினால் மிகையில்லை. அடுத்த வாரமே வேறொன்றுக்குச் சண்டை போட்டோம், அது வேறு.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உண்மையைச் சொன்னால் பரிசு கிடைக்கும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேட்ட நிதியில் பாதிதான் வந்தது. பிரிவு சுருங்கியது. கார்த்திக் வேறு வேலைக்குப் போனான், அங்கே நன்றாக இருக்கிறான். பிரமிளாவுக்கு ஒரு வருஷம் கிடைத்தது, நிபந்தனையோடு. உப்பை விட்டுவிட்டு வேறு வழி பார்க்க வேண்டும். இத்தனை வருஷ வேலையை மூட்டை கட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்குச் சாயங்காலம் தாம்பரம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டலூர் வரும்வரை அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், நானும் அழுவதை அவள் பார்க்க வேண்டாமென்று.

புதியவர்களே, எண் மோசமாக வரும்போது எல்லாரும் புத்திசாலிகள்தான். வயரைப் பார்ப்போம், விளக்கைப் பார்ப்போம், கையைப் பார்ப்போம். எண் நன்றாக வரும்போதுதான் ஒருவரும் ஒன்றையும் பார்ப்பதில்லை, இனிப்பு வாங்க ஓடுகிறோம். இதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கள் கேட்கப்போவதில்லை என்பதும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

நான் ஓய்வு பெற்றுக் கொஞ்ச நாள் ஆனபின் ஒரு மதியம் பிரமிளா போன் செய்தாள். புது வழியில் எண் ஏறியிருக்கிறது என்று குரலிலேயே தெரிந்தது. பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம், தட்டு வைக்கும் சத்தம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இத்தனை வருஷம் மற்றவர்களுக்கு உபதேசம் செய்த நான், எடுத்த எடுப்பிலேயே, "எவ்வளவுடி வந்தது?" என்று கேட்டேன்.

"எவ்வளவுன்னு அப்புறம் சொல்றேன் மேடம்" என்றாள். "எப்படி அளந்தேன்னு மொதல்ல கேளுங்க."